தெரிந்தேதான் மலை ஏறினேன்

தம்பி,

போனில் பேசினால் நீ பேசுகிறாய், நான் கேட்கிறேன். நான் வாயைத் திறக்கும் நேரத்தில் உன்னைக் கம்பெனியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கடையில் ஒரு நோட்டு வாங்கி வந்து எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பாவும் பங்காளிகளும் நம் வீட்டில் வந்து உட்காருவதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். படித்துவிட்டு மடித்து ஒளித்து வைக்காதே. யார் கேட்டாலும் காட்டு. ஒளிக்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை.

உனக்கு வந்து சேர்ந்தது ஒரு போட்டோ. ஏற்காட்டு ஏரியில், காலால் மிதிக்கிற போட்டில், நானும் உன் அத்தை மலர்க்கொடியும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் சிரிக்கிறேன். பல் அத்தனையும் தெரிகிறது. உன் அப்பா போய் ஒன்பது மாதம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புகிற வரைக்கும் அந்த வீட்டார் மலை ஏறக்கூடாது என்பது நம் வழக்கம். கொள்ளி வைத்தவன் என்பதால் நீ சிநேகிதர்களோடு பழனிக்குக்கூடப் போகாமல் ஓசூரிலேயே கிடக்கிறாய். அது எனக்குத் தெரியும். நீ கோபப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

அத்தைக்குப் போனில் ஒன்றும் தெரியாது, தெரியாமல் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்து அவளிடம் கேட்டேன். "தெரியாம என்ன அண்ணி, ஊரே பாக்கும்னு தெரிஞ்சுதான் வெச்சேன்" என்றாள். ஆகவே அவளையும் மன்னிக்க வேண்டாம்.

நடந்ததை என் வாயால் கேள். அன்றைக்கு வாரிசு சர்டிபிகேட்டுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தோம். சாட்சிக்கு அத்தையைக் கூட்டிப் போனேன். சார் கேம்ப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாங்க என்றார்கள். சரி என்று வெளியே வந்து ஆத்தூர் பஸ்ஸில் ஏறினோம். கிருஷ்ணாபுரத்தில் இறங்கி அரும்பாவூர் பஸ் மாறினால் வீடு. எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஆடிக் காற்று முகத்தில் அடித்தது. கிருஷ்ணாபுரம் வந்தது, பஸ் நின்றது, மலர்க்கொடி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, எறங்கலயா?"

"இல்ல."

"என்னத்தயாச்சும் விட்டுட்டு வந்துட்டமா?"

"ஒண்ணும் விடல. இப்ப வூட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறோம் மலரு?"

அவள் நின்றபடியே யோசித்தாள். "வெங்காயத் தாள் அரியணும்."

"அது நாளைக்கும் அங்கனதான் கெடக்கும்."

கண்டக்டர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "கிருஷ்ணாபுரம் டிக்கெட்டு ரெண்டு, யாரும்மா அது, எறங்குங்க எறங்குங்க."

"ஆத்தூருக்கு ரெண்டு போட்டுக் குடுங்க தம்பி" என்றேன்.

"ஏம்மா, ஏறும்போதே சொல்றதுக்கு என்ன?"

"ஏறும்போது தெரியலியே. இப்பதான் தெரிஞ்சுது."

இந்த இடத்தை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும் தம்பி. எனக்கு மயக்கம் வரவில்லை. உன் அப்பா வந்து கூப்பிடவில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனசில்லை, எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் என்ன வந்துவிடும் என்று கேட்பாய். நீ காரியம் முடிந்து பத்தொன்பதாம் நாள் ஓசூருக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்களை நீ பார்க்கவில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். தெருவில் நுழையும்போதே அவர்கள் குரல் எடுப்பார்கள், நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்து அழ வேண்டும். வருகிறவர்கள் நல்லவர்கள்தான், மனசு பொறுக்காமல்தான் வருகிறார்கள். ஆனால் அழுதுகொண்டே நான் அடுப்பில் வைத்த பாலைப் பற்றி யோசித்திருக்கிறேன். எனக்கு நிஜமான அழுகை வருவது வேறு இடத்தில். காட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால். முப்பது வருஷமாக உன் அப்பா அதை என்னைத் தொட விட்டதே இல்லை. "கை ஈரமா இருக்கும், ஷாக் அடிச்சிரும், தள்ளு" என்பார். இப்போது நான்தான் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் போடுகிறேன். அங்கே என்னை யாரும் கட்டிப்பிடிக்க வருவதில்லை. அதனால் அங்கே நன்றாக அழ முடிகிறது.

ஆத்தூரில் இறங்கி டீ குடித்தோம், போண்டா சாப்பிட்டோம். இனி எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மலர்க்கொடிதான் சொன்னாள். "சேலத்துக்கு மேல ஏற்காடுன்னு ஒரு மலை இருக்குல்ல அண்ணி. மேல ஏரி இருக்காம். நம்ம பாப்பா கல்யாணமான புதுசுல போயிட்டு வந்து கத கதயாச் சொன்னா." பாப்பா என்றால் ரெட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற அவள் மகள். மகள் பார்த்துவிட்டாள், பெற்றவள் பார்க்கவில்லை. சேலம் பஸ் கத்திக்கொண்டு நின்றது, ஏறிவிட்டோம்.

சேலத்தில் மலை பஸ் கிளம்புகிற இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி. நீங்க மலை ஏறக் கூடாதே."

"தெரியும்."

"தெரியும்னா?"

"தெரியும்னா தெரியும். ஏறு, முன்னாடி சீட்டு காலியா இருக்கு, யாராச்சும் உக்காந்துருவாங்க."

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏறினாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நம்பர் பலகை வைத்திருக்கிறார்கள். அவள் நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். எட்டாவது வளைவில் வாந்தி வந்துவிட்டது, அதற்குப் பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நம்பர் படித்தாள். எனக்குப் பயமாக இருந்ததா என்றால் இருந்தது. பள்ளத்தைப் பார்த்து அல்ல. ஒரு வேளை வழக்கத்தை மீறினதற்கு உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான். பிறகு நினைத்தேன், ஒரு வழக்கத்தையும் மீறாமல் இருந்த மனுஷன்தானே மக்காச்சோளக் காட்டில் பட்டப்பகலில் விழுந்து செத்தார்.

ஏரியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் எழுதத் தெரியவில்லை. நம் ஊர்ப் பெரிய ஏரியைவிடச் சின்னதுதான். ஆனால் அது மலை மேல் இருக்கிறது. இத்தனை உயரத்தில் இவ்வளவு தண்ணீர் எதற்கு நிற்கிறது, யார் வயலுக்குப் பாய்கிறது என்று நான் கேட்டேன். "எதுக்கும் பாயல அண்ணி, சும்மா நிக்குது. பாக்கறதுக்கு" என்றாள் மலர்க்கொடி. எனக்கு அது பிடித்திருந்தது.

போட்டில் ஏறும்போது, "பாட்டிம்மா, ரெண்டு பேரும் ஒரே பக்கமா சாயாதீங்க" என்றார் அங்கே இருந்தவர். "யாருக்குய்யா பாட்டி? ஒன் தலையில இருக்கற நரை என் தலையில இருக்கா பாரு" என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். சர்டிபிகேட் எல்லாம் இருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் தெறித்தால் உன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வீணாகிவிடும். மடியில் வைத்தால் மிதிக்க முடியவில்லை. கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நடு ஏரிக்குப் போனதும் போட் சுற்ற ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்கச் சுற்றுகிறது. கரையிலிருந்து அவர் "கம்பியத் திருப்புங்கம்மா, கம்பிய!" என்று கத்துகிறார். "எந்தக் கம்பி?" என்று இவள் கத்துகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கம்பி இருந்திருக்கிறது. அதை நாங்கள் பிடித்துக்கொள்வதற்கு என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது என் தப்பை எழுத வேண்டும். இதை எழுதத்தான் இந்த நோட்டே வாங்கினேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. உன் அத்தையை அரியலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல் ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். இருபத்தொன்பது வயதில் மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன்மார் வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதம் ஆகியிருக்கும். மகளிர் குழுவில் வேன் பிடித்துக் கல்லணைக்கு டூர் போனார்கள். இவள் யாரையும் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டாள். விடிந்ததும் குளித்து, நல்ல சேலை கட்டி, பிள்ளைக்குப் பவுடர் போட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கிறது. உன் பெரியப்பா பாய்ந்து வந்தார். "தாலி எறங்கி வருசம் திரும்பல, டூர் கேக்குதா ஒனக்கு?" உன் அப்பாவும் அவரோடு சேர்ந்து கத்தினார். அவர் இல்லை என்பதற்காக அதை நான் மறைக்க மாட்டேன். தெரு கூடிவிட்டது. அவள் பதிலுக்குப் பதில் பேசினாள். "எனக்குப் போகணும், நான் போவேன்" என்றாள். பெரியப்பா கையை ஓங்கிவிட்டார்.

நான் குறுக்கே போய் விழுந்து சொன்னேன். "விடுங்க மாமா. புருசன் போன துக்கத்துல அவளுக்கு மனசு சரியில்ல. என்ன பண்றோம்னு தெரியாம பண்ணிட்டா."

ஓங்கின கை இறங்கியது. எல்லோர் முகமும் இளகியது. "அதானே, பாவம்" என்றார்கள் தெருவில். நான் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வேன் போய்விட்டது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நல்லது செய்ததற்கு இப்படியா என்று நான் நொந்துகொண்டேன்.

அந்த ஒரு வார்த்தை அதற்குப் பிறகு செய்த வேலையைக் கேள். முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள், எட்டாவது வரை படித்தவள், என்னைவிட நல்ல கையெழுத்து. "அவளுக்குத்தான் மனசு சரியில்லயே" என்று அந்த நோட்டை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பங்குக் காட்டைக் கேட்டு அரியலூருக்குப் போனாள். அங்கே மாமனார் வீட்டார், "ஒங்க வூட்லயே சொல்றாங்களே, புத்தி சரியில்லாதவன்னு, அவ பேச்சக் கேட்டா பங்கு பிரிக்கறது" என்று திருப்பி அனுப்பினார்கள். பேச்சு அரியலூர் வரைக்கும் போயிருந்தது. நான் சொன்ன பேச்சு. மகளை டவுன் ஸ்கூலில் சேர்க்க வேண்டும் என்றாள், அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபப்பட்டால் மனசு சரியில்லை. சிரித்தால் மனசு சரியில்லை. அப்புறம் அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். பத்தொன்பது வருஷம். நல்லது கெட்டதுக்குத் தவிர எங்கேயும் போனதில்லை.

போட் சுற்றுவது நின்று, கம்பியைத் திருப்பப் பழகி, கொஞ்சம் நேராகப் போன பிறகு நான் சொன்னேன். "மலரு, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் மிதித்தாள். "பத்தொம்பது வருசம் கழிச்சு நடுத்தண்ணியில வெச்சா சொல்லுவீங்க? கரையில சொன்னா எந்திரிச்சுப் போயிருவேன்னு பயமா?"

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கு அண்ணன் அடிச்சிருந்தா நாலு நாள்ல ஆறியிருக்கும் அண்ணி" என்றாள். பிறகு அவளே, "மிதிங்க. நான் ஒருத்தியே மிதிச்சிட்டு வரேன், நீங்க சும்மா கால ஆட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். உண்மைதான். பேச்சு மும்முரத்தில் நான் மிதிப்பதை விட்டிருந்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. நேரம் முடிந்து விசில் அடித்தும் இரண்டு பேருக்கும் அடங்கவில்லை. கரைக்கு வந்ததும் போட்டை விட்டு இறங்காமலே அதே ஆளிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் நீ பார்த்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் உன் அப்பா என் நினைவிலேயே இல்லை. ஒன்பது மாதத்தில் முதல் தடவை. கரையேறி வந்து பார்த்தால் அவித்த மக்காச்சோளக் கதிர் விற்கிறார்கள். விலையைக் கேட்டு, "இந்த அநியாயத்தப் பாருங்க" என்று சொல்ல நான் பக்கத்தில் திரும்பினேன். பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை. நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன், கதிரையும் வாங்கித் தின்றேன். இது உனக்குப் பிழையாகத் தெரிந்தால் தெரியட்டும். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்தார். வாசல்படி ஏறவில்லை. போனை நீட்டினார்.

"என்னம்மா இது?"

"நாந்தான் மாமா."

"நீதான்னு தெரியுது. எந்தம்பி செத்து வருசம் திரும்பல. மலையில போயி பல்லக் காட்டிட்டு நிக்கற."

"நின்னா விழுந்துருவீங்கன்னாங்க மாமா, உக்காந்துதான் இருந்தோம்" என்றாள் உள்ளேயிருந்து வந்த மலர்க்கொடி. தனக்கு அண்ணன் என்றும் பார்க்காமல் என்னைப் போலவே மாமா என்று கூப்பிட்டாள், வேண்டுமென்றே. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்க்காமல் பேசுவது அவருக்குப் பழக்கம்.

"நீங்களும்தான் போன மாசம் பச்சமலைக்கு மரவள்ளி லோடு ஏத்தப் போனீங்க" என்றேன் நான். "ஒங்க கூடப் பொறந்தவருதானே செத்தாரு. வழக்கம் ஒங்களுக்கும்தானே?"

"அது பொழப்பு."

"சரி."

"நீ எதுக்குப் போன?"

"சும்மா போனேன் மாமா."

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வேண்டுதல் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். கோபம் தணிந்த மாதிரி குரலை இறக்கிக்கொண்டு, மெதுவாக, நல்லபடியாகத்தான் சொன்னார். "இங்க பாரும்மா. தலைத்தெவசம் வருது. பங்காளிங்க மொறைச்சுக்கிட்டு நிக்கறாங்க, ஒருத்தனும் வர மாட்டேங்கறான். ஞாயித்துக்கெழமை எல்லாரையும் கூட்டிட்டு வரேன். துக்கத்துல புத்தி தடுமாறிப் போயிட்டேன், என்ன பண்றோம்னு தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. தலையில தண்ணி ஊத்திக்க. முடிஞ்சுபோச்சு. ஒன் வாயால சொல்ல வெக்கமா இருந்தா மகன் சொல்லட்டும். அவன் சொன்னாலும் போதும்."

கேட்டாயா தம்பி. வார்த்தை மாறாமல் அதே வார்த்தை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே வாசலில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அவரும் எனக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைக்கிறார். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு நீ கூப்பிட்டாய். "சொல்லிரும்மா, ஒரு வார்த்ததானே, அப்பா காரியம் நின்னுரும்" என்றாய். நான் முடியாது என்றேன். "அப்ப நான் சொல்லிக்கறேன், நீ பேசாம இரு" என்றாய். அதோடு விட்டிருந்தால்கூட இந்தக் கடிதம் இல்லை. வைக்கும்போது, "நீ தெளிவா இருந்திருந்தா போயிருக்க மாட்டம்மா, எனக்குத் தெரியும்" என்றாய். பங்காளிகளுக்காகச் சொல்கிற பொய்யை நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் தெளிவாக இருக்கிறேனா என்று உன் பெரியப்பாவையே கேள். இந்தத் தடவை வெங்காயம் பிடுங்கினதும் ஊரே விற்றுத் தள்ளியது. நான் மட்டும் விற்காமல் பட்டறை போட்டு அதில் அடைத்து வைத்தேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார்கள். விலை ஏறியது, விற்றேன். அடுத்த நாள் உன் பெரியப்பா வந்து, "எங்க பட்டறையப் பிரிக்கலாமா, இன்னும் கொஞ்சம் பாக்கலாமாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். அன்றைக்கு நல்ல புத்தியாக இருந்தது. மலை ஏறினதும் தடுமாறிவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வார்த்தையைச் சொன்னால், அடுத்த தடவை பட்டறையைப் பற்றி நான் வாய் திறக்கும்போது யாராவது சிரிப்பார்கள். காட்டுக்கு வாரிசாக நான் கையெழுத்துப் போடும்போது ஒருவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவ எதுக்குத் தம்பி சிரமப்படுத்தற, நீயே பாத்துக்கயேன்" என்பார். நீயும் பாசத்தில் சரி என்பாய். எல்லாம் பாசத்தில்தான் நடக்கும். மலர்க்கொடிக்கும் அப்படித்தான் நடந்தது.

உன்மேல் மட்டும் பழி போட மாட்டேன். பேரைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னால் போதும் என்று உனக்குப் பழக்கினவளே நான்தான். உனக்குப் பதினொரு வயது இருக்கும்போது பெரியப்பா திட்டினார் என்று அவர் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டாய். அது போய் அவர்கள் சோளத்தையே மேய்ந்துவிட்டது. என்னிடம் வந்து, "நாந்தாம்மா அவுத்து விட்டேன், கோவத்துல" என்று உண்மையைச் சொன்னாய். நான் உன் வாயைப் பொத்தி, "கயிறு இத்துப்போச்சுன்னு சொல்லு" என்றேன். நீ போய்க் கண் கலங்காமல் சொல்லிவிட்டு வந்தாய். கெட்டிக்காரன் என்று பணியாரம் சுட்டுக்கொடுத்தேன். பணியாரம் சுடுவதற்குப் பதிலாக உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "இவன்தான் அவுத்து விட்டான், கோவத்துல" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அடி விழுந்திருக்கும். உன் கோபம் உன்னுடையதாகவே இருந்திருக்கும்.

உனக்கு ஒரு கல்யாணம் நடக்கும். வருகிறவள் என்றைக்காவது ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் எங்கேயோ போய்விட்டு வருவாள். சாப்பிட்டாளா என்று கேள், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேள். கோபம் வந்தால் கோபப்படு, சண்டை போடு, அதெல்லாம் வீட்டில் நடக்கிறதுதான். உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா என்று மட்டும் கேட்காதே. நாலு பேர் கேட்டாலும் அப்படிச் சொல்லி அவளைக் காப்பாற்றாதே.

தலைத்திவசம் நிற்காது. உன் அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அன்றைக்கு வைக்க முடியாது, மற்றதெல்லாம் நான் சமைப்பேன். பங்காளிகள் வந்தால் வரட்டும். வராவிட்டால் அவரோடு வெங்காயக் காட்டில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இலை போடுவேன். நீயும் வராவிட்டால் எள்ளும் தண்ணீரும் நானே விடுவேன், அது யாருக்குச் சேருமோ சேரட்டும். முப்பது வருஷம் அவருக்குத் தண்ணீர் கொடுத்த கைதான் இது. வழக்கத்தை மீறினாயா என்று கேட்டால் மீறினேன் என்பேன். அதற்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னால் ஊற்றிக்கொள்வேன், இந்த வெயிலுக்கு நல்லதுதான். அபராதம் வைத்தால் கட்டுகிறேன். புத்தி தடுமாறிவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா உன்னைத்தான் கேட்பார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்த்துக் கேட்பார், "தம்பி, அம்மாவுக்கு அன்னைக்குப் புத்தி தடுமாறிடுச்சு, அதானே?" என்று பதிலையும் அவரே எடுத்துக் கொடுப்பார். நீ ஆமாம் என்றால், உள்ளேயிருந்து வந்து அந்தச் சபையிலேயே, நாலு பேர் முன்னால், என் மகன் பொய் சொல்கிறான் என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லுவேன்.

இல்லை, எங்கம்மா தெரிஞ்சுதான் போனாங்க என்று நீ சொன்னால், அன்றைக்கு நீ தனியாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். அந்த நேரத்தில் நான் உன் எதிரில் நிற்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்தால் பாவம் பார்த்து நீ வார்த்தையை மாற்றிவிடுவாய். நானும் மலர்க்கொடியும் சமையல்கட்டில் இருப்போம். அவள் பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

அம்மா